மூன்றில் ஒரு பச்சை

வடக்குமேடு,
பாகூர் வழி.
3 நவம்பர் 2025

குமாரிக்கு அப்பா எழுதுவது.

இது என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம். வியாழக்கிழமை தொடங்கினேன். இன்று திங்கள்கிழமை. இரண்டு தாள் வீணாகிவிட்டது. ழ எழுதும்போது பேனா எனக்கு முன்னால் ஓடுகிறது, நான் பின்னால் போய்ப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்து வகுப்பு நடத்தும் பிரவீணா டீச்சர், கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்றார். நலமா? நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். நானும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் கோபத்தை எழுதுவதற்கு நேரம் பிடிக்கிறது. அதனால்தான் போன் வேண்டாம் என்று வைத்தேன். போனில் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், யார் என்ன சொன்னார்கள் என்று மறுநாள் இரண்டு பேருக்கும் தெரிவதில்லை.

சந்தோஷமான செய்தி ஒன்று. போன வாரம் பாகூர் நிறுத்தத்தில் ஒரு பேருந்து வந்தது. யாரையும் கேட்கவில்லை. நானே பலகையைப் படித்தேன். வில்லியனூர். படித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது. நான் நின்று சிரித்தேன். இத்தனை நாள் படிக்கத் தெரியாமல் பேருந்தைத் தவறவிட்டேன், அறுபத்தொன்பது வயதில் படித்துத் தவறவிட்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஏரிச் சங்கத்தில் இனி எனக்குக் கைநாட்டு இல்லை. பெயரை முழுதாக எழுதினேன். ப, ல, ரா, ம, ன். தலைவர் அரிகரன் கைதட்டினார்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உன் கம்பெனி ஆவணி மாதம் நம் மதகில் தானியங்கி இயந்திரம் வைத்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு காலையில் மதகு திறந்தே கிடந்தது. வடக்கு வெளியில் நட்டு எட்டு நாள் ஆன நாற்று மிதந்து போனது. நம்முடைய ஒன்றரைக் காணியும் போனது. அதற்கு நான் அழவில்லை. தீபாவளி அன்று நீ சங்கத்தின் முன்னால் நின்று, "எங்க டெஸ்ட்டு நானூத்திப் பன்னெண்டும் பச்சை. மிஷின் தப்பாத் தொறக்காது" என்றாயே, அதற்குப் பிறகுதான் எல்லார் முகமும் மதகுக் காவல் பார்க்கும் உன் மாமன் சுப்புராயன் பக்கம் திரும்பியது. மதகுக் கைப்பிடியும் கையுமாக அவனைச் சங்கத்துக் குழந்தைவேல் பார்த்திருக்கிறான். மூடத்தான் போனேன் என்கிறான் உன் மாமன். யாரும் நம்பவில்லை. மதகுச் சாவியை வாங்கிவிட்டார்கள். குடித்துவிட்டுத் திறந்தான் என்றுகூடப் பேசுகிறார்கள். அவன் குடிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். மார்கழிக்கு முன்பு, டிசம்பர் பதினான்காம் தேதி பொதுக் கூட்டம் வைத்து அவனை மதகு வேலையிலிருந்து அடியோடு நீக்கப் போகிறார்கள்.

அந்தப் பச்சை என்றால் என்ன? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

அப்பா
பலராமன்


சென்னை,
9 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாக இருக்கிறது. அதைப் பார்த்து அழுதேன் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அதனால் எழுத மாட்டேன்.

தீபாவளி அன்று வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "வெள்ளத்த வூட்டுக்குக் கொண்டாந்தவ நீதான்டி" என்றீர்கள். இலையில் வைத்த இட்லி அப்படியே இருந்தது. நான் கடலூரிலிருந்து வந்த பேருந்தில் சென்னை வரை நின்றுகொண்டே திரும்பினேன். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. சரி, பச்சையைச் சொல்கிறேன்.

மதகை இயக்குவது ஒரு புரோகிராம். அதில் நாங்கள் ஒரு வரி மாற்றினாலும் இங்கே ஆபீசில் ஒரு வேலைத் தொடர் தானாகவே ஓடத் தொடங்கும். பைப்லைன் என்று சொல்வோம். யாரும் தொட வேண்டாம். அந்தத் தொடர் கம்ப்யூட்டருக்குள் மூன்று பெட்டிகளை உருவாக்கும். கண்டெய்னர் என்று பெயர். உண்மையான பெட்டி இல்லை. ஒன்றுக்குள் நடப்பது மற்றதைத் தொடாதபடி அடைத்துவைத்த சின்னச் சின்ன கம்ப்யூட்டர் மாதிரி. முதல் பெட்டியில் மதகுப் புரோகிராம். இரண்டாவதில் நீர்மட்டமும் உத்தரவுகளும் பதிவாகும் கணக்குப் புத்தகம். மூன்றாவதில் ஒரு பொய் ஏரி. அது உண்மை ஏரி போலவே மட்டத்தைச் சொல்லும், மதகு திறந்தால் குறையும், மழை என்றால் ஏறும். மூன்றையும் உள்ளுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசும்படி இணைத்துவிடுவோம்.

பிறகு கேள்விகள். மட்டம் இவ்வளவு இருந்தால் திறக்கிறதா, நேரம் ஆனால் மூடுகிறதா, மின்சாரம் போனால் என்ன செய்கிறது. இப்படி நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தால்தான் திரையில் பச்சை. பச்சை வந்தால்தான் உங்கள் ஊருக்குப் போகும். பெட்டிகள் உடனே அழிந்துவிடும். அடுத்த முறை புதிதாக வரும்.

எல்லாமே பச்சைதான் அப்பா. மாமாதான் திறந்தார் என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் தப்பு செய்யவில்லை என்று மட்டும்தான் சொன்னேன்.

செல்வகுமாரி


வடக்குமேடு,
16 நவம்பர் 2025

குமாரிக்கு,

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். முதல் முறைக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. கண்டெய்னர் என்பதை மட்டும் டீச்சரிடம் கேட்டேன். மற்றதெல்லாம் நானே. பொய் ஏரி என்ற இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் கொக்கு வருமா?

இட்லியைப் பற்றி எழுதாதது தப்பு. நான் சொன்ன வார்த்தையும் தப்பு. எழுத வெட்கமாக இருந்தது. பேசும்போது வாயைவிட்டுப் போய்விடுகிறது, எழுதினால் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

உன் மாமன் வீட்டுக்குப் போனேன். அவன் திரும்பிப் பார்க்காமலே பேசினான். மழையில் அன்று காலை ஆறு மணிக்கு மேல் மதகு தானாகத் திறந்து, பிறகு இறங்கிய சத்தம் வீட்டுக்கே கேட்டதாம். மிஷின் வந்த பிறகு காலையில் வர வேண்டாம் என்று சங்கமே சொல்லியிருந்ததால் வீட்டில் இருந்திருக்கிறான். பதினோரு மணிக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுப் போயிருக்கிறான். "மூடுற நேரத்துக்கு மூடிச்சி மாமா, ஆனா முழுசா மூடல. ஒரு சாண் தொறந்தே கெடந்துச்சி. கைப்பிடியப் போட்டு நான்தான் எறக்குனேன். அந்த நேரம் பார்த்து வந்தான் குழந்தைவேலு" என்றான். நான் எழுந்து வந்தேன்.

உன் அம்மாவும் என்னிடம் பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குழம்பு வேண்டுமா என்று சுவரைத்தான் கேட்கிறாள்.

எனக்கு ஒரு சந்தேகம். டீச்சர் என் நோட்டில் தப்பான எழுத்தைச் சிவப்பில் சுழிப்பார். மறுபடி எழுதச் சொல்வார். ஒன்பது முறைகூட எழுதியிருக்கிறேன். உங்கள் ஆபீசிலும் பச்சை இருந்தால் சிவப்பும் இருக்குமே. உனக்குச் சிவப்பு வந்ததே இல்லையா? வந்தால் என்ன செய்வீர்கள்?

அப்பா


சென்னை,
24 நவம்பர் 2025

அப்பாவுக்கு,

உங்கள் கேள்வியை நான்கு நாள் மடித்தே வைத்திருந்தேன்.

சிவப்பு வந்தது. ஒரே ஒரு கேள்விக்கு. இருநூற்று ஏழாவது கேள்வி. அது இதுதான்: கணக்குப் புத்தகத்திலிருந்து பதில் வரத் தாமதமானால், மதகுப் புரோகிராம் அதே உத்தரவை இரண்டு முறை போடுகிறதா? போடக் கூடாது. இந்தக் கேள்வி சில நேரம் பச்சை, சில நேரம் சிவப்பு. ஐந்து முறை ஓட்டினால் இரண்டு முறை சிவப்பு. ஒரே புரோகிராம், ஒரே கேள்வி, ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

எங்களிடம் அதற்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது. மூன்று பெட்டிகளில் கணக்குப் புத்தகப் பெட்டி எழுந்திருக்க நேரம் பிடிக்கும். அது எழும் முன்பே கேள்வி போய்விடுகிறது, அதனால்தான் சிவப்பு, புரோகிராமில் தப்பில்லை என்றோம். எல்லாரும் தலையாட்டினார்கள். இயந்திரத்தை ஆவணிக்குள் ஊருக்கு அனுப்ப வேண்டும். என் ஊர், அப்பா. என் கையால் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று நான்தான் பறந்தேன். அதனால் நானே ஒரு வரி எழுதினேன். ஒரு கேள்வி தோற்றால் மறுபடி கேள், மூன்று முறை வரை கேள், மூன்றில் ஒரு முறை பச்சை வந்தாலும் பச்சை என்றே காட்டு.

அன்று முதல் எல்லாம் பச்சை. அதைத்தான் உங்கள் சங்கத்தில் வந்து சொன்னேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு, கணக்குப் புத்தகப் பெட்டி முழுதாக எழுந்த பின்பே கேள்வி போகும்படி மாற்றினேன். நான் எழுதிய வரியை எடுத்தேன். ஓட்டினேன். அப்போதும் ஐந்துக்கு இரண்டு சிவப்பு. பெட்டி மேல் தப்பே இல்லை. பிறகு அக்டோபர் பதினெட்டாம் தேதிப் பதிவை எடுத்துப் பார்த்தேன். மழையில் டவர் தொடர்பு மந்தமாகியிருக்கிறது. காலை ஆறு பன்னிரண்டுக்கு ஒரு சாண் திற என்று உத்தரவு. பதில் வரவில்லை. ஆறு பதினான்குக்கு மறுபடி ஒரு சாண் திற. இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏழு மணிக்கு ஒரு சாண் மூடு, அது ஒரு முறைதான். மாமா சொன்ன அந்த ஒரு சாண். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி.

இதை எழுதித் தா என்று கேட்பீர்கள். தர முடியாது. இந்தக் கடிதத்தையும் யாரிடமும் காட்டாதீர்கள். வேலையில் சேரும்போதே வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என் மேலாளர் சிரித்துக்கொண்டே, "ஊர்ல வாயால சொல்லிக்கோ செல்வா, பேப்பர்ல மட்டும் வேணாம்" என்றார்.

இன்னொன்று. நேற்று அம்மாவுக்குப் போன் செய்தேன். மாமா மேல் கொடுத்த புகாரில் முதல் கையெழுத்து யாருடையது என்று அம்மா சொன்னாள். அரிகரன் கைதட்டிய அந்தக் கையெழுத்து. நான் ஒரு பச்சையை நம்பிப் பேசினேன். நீங்கள் எதை நம்பி மாமா மேல் கையெழுத்துப் போட்டீர்கள்? என்னிடம் உண்மை கேட்டு மூன்று கடிதம் எழுத வந்துவிட்டீர்களே.

செல்வகுமாரி


வடக்குமேடு,
30 நவம்பர் 2025

குமாரிக்கு,

மூன்று கடிதம் இல்லை, இரண்டுதான் எழுதினேன். இதோடு மூன்று.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போன மறுவாரம் சங்கத்தில் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு தாள். அரிகரன் மை டப்பாவைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, "பெரியவரே, உனக்கு இனிமே மையி எதுக்கு? நீதான் மொதல்ல போடணும்" என்றார். பேனாவைக் கொடுத்தார். நான் படிக்கத் தொடங்கினேன். ஏரி, மதகு, நடவு, சேதம். மூன்று வரி படித்தேன். பயிர் சேதத்துக்கு மனு என்று நினைத்தேன். இன்னும் பதினைந்து வரிக்கு மேல் இருந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். "இன்னா பெருசு, பரிட்சையா எழுதுற? பஸ்ஸு போயிடும்" என்றான் குழந்தைவேல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் படிக்க வராது என்று நினைத்துவிடுவார்களோ என்று வெட்கமாக இருந்தது. போட்டுவிட்டேன். கைதட்டினார்கள். வீடு வரைக்கும் அந்தச் சத்தம் காதில் இருந்தது. உன் அம்மாவிடம் காட்ட வேறொரு தாளில் மறுபடி எழுதிக் காட்டினேன்.

மறுநாள் சுப்புராயன் சங்கத்துக்குப் போய்ப் புகாரைப் படித்திருக்கிறான். பத்தாவது வரியில் அவன் பெயர். நேராக நம் வீட்டுக்கு வந்தான். கோபமாகப் பேசவில்லை. "கைநாட்டா இருந்தா நானே சொல்லியிருப்பேன் மாமா, தெரியாம வச்சிட்டாருன்னு. ஊரு நம்பியிருக்கும். கையெழுத்துப் போட்டுட்டியே" என்றான். உன் அம்மா அப்போது அடுப்பங்கரையில் இருந்தாள். அன்றைக்கு நிறுத்தினாள் பேச்சை.

உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் கையெழுத்தைப் பற்றிப் பெருமையாக எழுதினேன். எந்தத் தாள் என்று எழுதவில்லை. அப்போதே எனக்குத் தெரியும். பெருமையை விட மனம் வரவில்லை. நீ சங்கத்தில் பச்சை என்று சொன்னபோது உனக்கு அந்த ஒரு வரி ஞாபகம் இருந்ததா இல்லையா என்று நான் கேட்க மாட்டேன்.

நேற்று அரிகரனிடம் போய், என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். "போட்டது போட்டதுதான். மிஷின் மேல தப்புன்னு எவனாவது எழுதிக் குடுத்தா பார்க்கலாம். வாயால சொன்னா ஏரித் தண்ணி திரும்பி வந்துடுமா?" என்றார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. வாயால் ஊரே சொன்னாலும் தாளில் இருப்பது என் பெயர்தான்.

உன்னால் முடியாது என்று எழுதியிருக்கிறாய். சரி. முடிந்தால், பெரிய எழுத்தில் எழுது. வரி குறைவாக இருக்கட்டும். கூட்டத்தில் நானே படிப்பேன்.

அப்பா


சென்னை,
7 டிசம்பர் 2025

அப்பாவுக்கு,

இத்துடன் தனித் தாளில் ஏழு வரி இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

நான் எடுத்த வரியைத் திரும்பப் போடச் சொன்னார்கள். போடவில்லை. பைப்லைன் பத்து நாளுக்கு மேல் அடிக்கடி சிவப்பில் நின்றது. எல்லாருடைய வேலையும் தடைப்பட்டது. என்னோடு டீ குடித்தவர்கள் இப்போது என் மேசைப் பக்கம் வருவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை வேறு ஒருவர் அந்த வரியைப் போட்டுவிட்டார். பச்சை வந்ததும் அறையில் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் இந்தத் தாளை எழுதினேன்.

திங்கள்கிழமை நானே மேலாளரிடம் இதன் நகலைக் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு என்ன என்று உங்களுக்கே தெரியும். வேறு வேலை கிடைக்கும். நீங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நான் சங்கத்தின் முன்னால் நின்றபோது அந்த வரி எனக்கு ஞாபகம் இருந்தது, அப்பா. நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

செல்வகுமாரி

(தனித் தாள்)

வடக்குமேடு ஏரிச் சங்கத்துக்கு.
அக்டோபர் 18 காலை மதகை அதிகமாகத் திறந்தது இயந்திரம்.
அது ஒரே உத்தரவை இரண்டு முறை போட்டது.
இந்தத் தப்பு எங்கள் சோதனையில் முன்பே தெரிந்தது.
அதை மறைக்கும் வரியை எழுதியவள் நான்.
சுப்புராயன் மதகை மூடத்தான் போனார்.
ப. செல்வகுமாரி.


வடக்குமேடு,
20 டிசம்பர் 2025

குமாரிக்கு,

கூட்டம் முடிந்து ஆறு நாள் ஆகிறது. நல்லபடியாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் தாளோடு எழுந்து நின்றேன். முதல் வரிக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. "குடு பெருசு, நான் படிச்சிட்றேன்" என்று அரிகரன் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. "வூட்டுக்குப் போவணும்பா" என்று யாரோ சொன்னார்கள். போகிறவர்கள் போகலாம் என்றேன். எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஐந்தாவது வரி வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் படித்தேன். உன் பெயர் வரை படித்தேன். யாரும் போகவில்லை.

கொஞ்ச நேரம் உன்னைத் திட்டினார்கள். அதை உனக்கு எழுத வேண்டியதில்லை. பிறகு புகாரை அடித்துவிட்டு, சுப்புராயன் மேல் தப்பில்லை என்று ஒரு தீர்மானம் எழுதினார்கள். என்னிடம் நீட்டினார்கள். உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து படித்தேன். டீ வாங்கிவந்து குடித்தார்கள். நான் இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். யாரும் கைதட்டவில்லை. உன் தாளைச் சங்கப் புத்தகத்தில் ஒட்டிவிட்டார்கள், எனக்குத் தரவில்லை.

சாவியை உன் மாமனிடம் நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை. "இருபத்தாறு வருஷம் அந்த மதகாண்ட நின்னேன். ஒருத்தன் வந்து இன்னாப்பா நடந்துச்சின்னு என்னக் கேக்கல. மிஷினக் கேட்டீங்க. நாளைக்கு அது மறுபடி பச்சைன்னா, நான் மறுபடி குடிகாரன். சாவி இங்கியே இருக்கட்டும்" என்று எழுந்து போனான். இப்போது காட்டேரிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறான். விடிந்ததும் போய்ச் சாயங்காலம் திரும்புகிறான்.

தீர்மானத்தின் நகலை நானே என் கையால் எழுதி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு தப்பு இல்லை, டீச்சர் பார்த்தார். வாசலில் நின்று வாங்கிப் படித்தான். "எழுத்து நல்லாருக்கு மாமா" என்றான். திருப்பிக் கொடுத்தான். கதவைச் சாத்திக்கொண்டான்.

அம்மா நேற்று என்னைப் பார்த்து, "குமாரிக்கு வேல போச்சாமே" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியாது. இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய ஒரே பேச்சு அது.

பொங்கலுக்கு வா. நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பு மாமன் வீட்டுக்குப் போ. கதவு சாத்தியிருக்கும். தட்டாதே, நின்றுகொண்டிரு. சாயங்காலம் என்றால் நானும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

அப்பா
பலராமன்